முதல் வரியைப் படிக்கவும்

செருப்பைக் கழற்ற வேண்டாம். கீழே பித்தளைப் பிசிறு கிடக்கும். காலில் ஏறினால் ஊசி வைத்துத்தான் எடுக்க வேண்டும். அந்த ஸ்டூலில் உட்காருங்கள். அது இல்லை, அது ஆடும். இது.

நாச்சிமுத்து. திருப்பூர். துணி வெட்டுகிற மெஷின் செய்து கொடுக்கிறீர்கள். தெரியும். நம் இன்டர்நெட் குழுவில் ஏழெட்டு வருடமாக உங்கள் பேர் இருக்கிறது. ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. அதனால்தான் கேட்டைத் திறந்தேன்.

எதற்கு வந்திருக்கிறீர்கள் என்றும் தெரியும். சாவியை, அதாவது பாஸ்வேர்டை, வாங்கிக்கொண்டு வா என்று அனுப்பியிருக்கிறார்கள். கோயம்புத்தூர் கணபதியில் ஒரு கிழவன் இருக்கிறான், மாரப்பன் என்று பேர், எழுபத்தொன்று ஆகிவிட்டது, அவன் பிடித்துக்கொண்டிருக்கிற புரோகிராமை யாரிடமாவது கொடுத்துவிட்டு ஒதுங்கட்டும் என்று. அப்படித்தானே? இருங்கள். நான் பேசிவிடுகிறேன். காப்பி வரும்.

என்ன வேலை செய்கிறேன் என்று வெளியே சொன்னால் ஒருத்தருக்கும் புரியாது. என் மருமகன் பேங்கில் இருக்கிறார். பத்து வருடமாகக் கேட்டார், "மாமா, நீங்க ஷெட்டுல உக்காந்து என்னதான் பண்றீங்க?" என்று. ஒரு நாள் சொன்னேன். மெஷின் இருக்கிறது. கம்ப்யூட்டர் இருக்கிறது. மெஷினை ஓட்ட ஒரு மென்பொருள் இருக்கிறது. இலவசம். எந்தெந்த ஊரிலோ உட்கார்ந்து யார் யாரோ சேர்ந்து எழுதியது. ஆனால் அதற்கு உங்கள் மெஷினைத் தெரியாது. எத்தனை மோட்டார், ஒரு சுற்றுக்கு எத்தனை மில்லிமீட்டர் நகரும், எந்த ஒயர் எந்தப் பின்னில் வருகிறது, எந்த சுவிட்சைத் தட்டினால் நிற்க வேண்டும், எல்லாவற்றையும் ஒரு கோப்பில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு எழுத்துத் தப்பினால் ஓடாது. தப்பிய பிறகும் ஓடினால் அது அதைவிட மோசம். அந்தக் கோப்பை, உங்களிடம் ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்டு, எழுதிக் கொடுக்கிறது என் புரோகிராம்.

மருமகன் எல்லாவற்றையும் கேட்டார். "ஓ, ஃபார்ம் ஃபில்லப் பண்றது" என்றார்.

ஆமாம். பதினான்கு வருடமாக ஃபார்ம் ஃபில்லப் பண்ணிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு பம்ப் கம்பெனியில் முப்பத்தோரு வருடம் மெயின்டனன்ஸ். வெளியே வந்த பிறகு இந்த மில்லிங் மெஷினைப் பழைய இரும்பு விலைக்கு எடுத்தேன். கன்ட்ரோலர் செத்துக் கிடந்தது. இந்த இலவச மென்பொருளைப் போட்டேன். கோப்பைக் கையால் எழுதி முடிக்க இருபத்தோரு நாள் ஆனது. இரண்டாவது முறை எழுதப் பொறுமை இல்லை, அதனால் எனக்காக ஒரு புரோகிராம் எழுதினேன். அதோடு விட்டிருக்க வேண்டும். குழுவில் கொண்டுபோய்ப் போட்டேன். "யாருக்காவது உதவட்டும்" என்று ஒரு வரி வேறு. அதுதான் நான் செய்த தப்பு.

அதற்கப்புறம் வந்த கடிதங்களைப் படித்தால் மனித குலத்தின் மேல் உங்களுக்கு இருக்கிற மரியாதை போய்விடும். ஒருத்தன் எழுதினான், "வேலை செய்யவில்லை." கடிதமே அவ்வளவுதான். என்ன வேலை செய்யவில்லை என்று கேட்டேன். "மெஷின்" என்றான். ராஜ்கோட்டில் ஒருத்தன், கம்ப்யூட்டரையும் மெஷினையும் இணைக்கிற கார்டு, அதில் பேர் இல்லாத ஒன்றை வாங்கிவிட்டு, என் புரோகிராமில் அதைச் சேர்க்க வேண்டும் என்றான். என்ன கார்டு, மேலே என்ன அச்சடித்திருக்கிறது என்று கேட்டேன். "பச்சை நிறம், சார்." இன்னொருத்தன் மெஷினை நகர்த்துகிற ஸ்க்ரூவின் அளவைக் கேட்கிற கட்டத்தில் தன் செல்போன் நம்பரைப் போட்டுவிட்டான். எப்படி என்று கேட்காதீர்கள். நானும் கேட்கவில்லை. மெஷின் எகிறுகிறது என்று புகார். பத்து இலக்கம் கொடுத்தால் எகிறாமல் என்ன செய்யும்?

எல்லாவற்றையும் படித்தேன். எல்லாவற்றுக்கும் பதில் போட்டேன். ஒரு வரி, மிஞ்சினால் இரண்டு வரி. கடுமையாகப் பேசுகிறேன் என்று குழுவில் ஒரு முறை பஞ்சாயத்து வைத்தார்கள். உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கடுமை இல்லை. சுருக்கம். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவனுக்கு எவ்வளவு விளக்கினாலும் நேரம் வீண்.

கார்டு செய்கிறவர்கள் அதற்கு மேல். ஆறு மாதத்துக்கு ஒரு புதுக் கார்டு. பேர் அதேதான், பின் நம்பர் மட்டும் மாறியிருக்கும். என் புரோகிராமில் அறுபத்து மூன்று கார்டு இருக்கிறது. அதில் நான் கையில் தொட்டது நான்கு. மீதி ஐம்பத்தொன்பதையும் எவனோ கோணலாக எடுத்து அனுப்பிய போட்டோவைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து எழுதினேன். பூதக்கண்ணாடி என்றால் பூதக்கண்ணாடிதான். அந்த மேஜையில் கிடக்கிறது பாருங்கள்.

மேலே இருக்கிறார்களே, அந்தப் பெரிய மென்பொருளை எழுதுகிற மகாராஜாக்கள், அவர்கள் ஒரு நாள் காலையில் எழுந்து அதற்குள்ளே ஒரு கட்டளையின் பேரை மாற்றினார்கள். பழைய பேர் அழகாக இல்லையாம். பதினோரு இடத்தில் என்னுடையது உடைந்தது. ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்றால், "அறிவிப்பில் போட்டிருந்தோமே" என்கிறார்கள். நாற்பது பக்க அறிவிப்பு. முப்பத்தெட்டாவது பக்கத்தில், அடியில், ஒரு வரி.

அப்புறம் நான் புரோகிராம் எழுதிய கம்ப்யூட்டர் மொழியே மாறியது. புதுப் பதிப்பு வந்துவிட்டது, பழையது இனிச் செல்லாது என்றார்கள். பதினேழாயிரம் வரி. இரண்டு கோடைக்காலம் போனது. என் வீட்டுக்காரி ஜெகதா அவள் தங்கை மகள் கல்யாணத்துக்குத் தனியாகப் போய்த் தனியாக வந்தாள். மேட்டுப்பாளையம்தான். இருந்தாலும் தனியாக.

இதோ வந்துவிட்டாள். காப்பி எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை போட்டிருக்கிறாயா அவருக்கு? சரி. இவர் திருப்பூர், குழுவிலிருந்து வந்திருக்கிறார். இல்லை, நான் ஒன்றும் திட்டவில்லை. நீ போ.

எதையோ சொல்ல வருகிறீர்கள். இருங்கள், கரூர் விஷயத்துக்கு வருகிறேன். அதற்குத்தானே வந்தீர்கள்.

என் புரோகிராம் எழுதுகிற ஒவ்வொரு கோப்பிலும் முதல் வரி என்ன? சொல்லுங்கள் பார்ப்போம். ஆங்கிலத்திலும் இருக்கிறது, தமிழிலும் இருக்கிறது. "இந்தக் கோப்பைக் கையால் திருத்தாதீர்கள். திருத்தினால் அடுத்த முறை அழிந்துவிடும்." இதைவிடத் தெளிவாக ஒருத்தன் எப்படி எழுதுவது? அடுத்த முறை நீங்கள் ஒரு எண்ணை மாற்றப் போனால், புரோகிராம் கோப்பை முதலிலிருந்து கடைசிவரை புதிதாக எழுதும். நடுவில் நீங்கள் கையால் செருகியது போய்விடும். வெள்ளையடித்தால் சுவரில் கிறுக்கி வைத்த போன் நம்பர் போகிற மாதிரி. அடிக்கிறவன் மேல் தப்பில்லை.

கரூரில் பஸ் பாடி கட்டுகிறார்கள் அல்லவா? பஸ்ஸுக்குள்ளே தரைக்குப் போடுகிற பிளைவுட்டை வெட்டிக் கொடுக்கிற பட்டறை ஒன்று. தெய்வானை என்று ஒரு பெண், அவள் புருஷன் தனசேகர், இரண்டு பேரும் சேர்ந்து ஓட்டுகிறார்கள். மெஷினைச் சொந்தமாகக் கட்டியிருக்கிறார்கள். சுற்றிலும் கூண்டு, ஒரு கதவு. கதவு திறந்திருந்தால் கட்டர் சுற்றக் கூடாது. என் புரோகிராமில் கதவுக்குக் கட்டம் கிடையாது. ஏன் கிடையாது என்றால், யாரும் ஒழுங்காகக் கேட்கவில்லை. கேட்டவர்கள் நாலைந்து பேர், கேட்கத் தெரியாமல் கேட்டார்கள். விடுங்கள். கதவுக்கு வேண்டிய மூன்று வரியை அவள் கையால் கோப்பில் எழுதினாள்.

ஆறு மாதம் ஓடியது. போன சித்திரையில் ஸ்க்ரூவை மாற்றினார்கள். புது ஸ்க்ரூவின் அளவைப் போட என் புரோகிராமைத் திறந்தாள். ஒரு எண்ணை மாற்றினாள். ஓகே கொடுத்தாள். மூன்று வரியும் போனது. அவளுக்குத் தெரியாது. தனசேகருக்கு எப்படித் தெரியும்? கதவைத் திறந்தால் நின்றுவிடும் என்று பழகிய கை. சிக்கிய துண்டை எடுக்கக் கதவைத் திறந்து கையை விட்டிருக்கிறார். வலது கை. இரண்டு விரல் நுனி.

எனக்குக் கடிதம் எழுதினாள். தமிழில், இரண்டு பக்கம். நடந்தது எல்லாம் எழுதி, கோப்பு ஏன் மாறியது அய்யா என்று கேட்டிருந்தாள்.

"முதல் வரியைப் படிக்கவும்" என்று பதில் போட்டேன். மூன்று வார்த்தை.

என்ன அப்படிப் பார்க்கிறீர்கள்? கையைப் பற்றி அவள் கேட்கவில்லை. கோப்பைப் பற்றிக் கேட்டாள். கோப்பைப் பற்றிச் சொன்னேன். ஜெகதாவும் இப்படித்தான் பார்த்தாள். "விரல் என்னாச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டா என்ன?" என்றாள். "நான் என்ன டாக்டரா?" என்றேன்.

வேறு யாராக இருந்தாலும் அதோடு போயிருப்பார்கள். திட்டிவிட்டுப் போவார்கள், அல்லது அழுதுவிட்டுப் போவார்கள். இவள் இருபத்திரண்டு நாள் கழித்து ஒரு திருத்தம் அனுப்பினாள். என் புரோகிராமில், என் பதினேழாயிரம் வரிக்குள்ளே புகுந்து, நாற்பது வரி. கோப்பை மறுபடியும் எழுதுவதற்கு முன்னால், அதில் கையால் எழுதிய வரி இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் நிற்கும். வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்கும். இதை வெளியிட்டால் இன்னொருத்தர் கை போகாது அய்யா என்று கீழே எழுதியிருந்தாள்.

பிளைவுட் வெட்டுகிறவள். எங்கே படித்தாள் என்று கேட்டேன். உங்கள் புரோகிராமைத்தான் படித்தேன் என்றாள்.

பார்த்தேன். பதினோரு குறை. வரி நீளம் அதிகம். இரண்டு இடத்தில் இடைவெளி சரியில்லை. ஒரு குறிப்பில் முற்றுப்புள்ளி இல்லை. பட்டியல் போட்டு அனுப்பினேன். நாலாம் நாள் பதினொன்றையும் சரிசெய்து அனுப்பினாள். மறுபடியும் பார்த்தேன், ஏழு. அதையும் செய்தாள். அப்புறம் ஐந்து. அப்புறம் ஐந்து. பேர் வைத்த விதம் பிடிக்கவில்லை என்று திருப்பினேன், மாற்றினாள். முன்பு இருந்த பேரே தேவலை என்று திருப்பினேன், அதையும் மாற்றினாள். ஒரு தரம்கூட முணுமுணுக்கவில்லை. முணுமுணுத்திருந்தால் அன்றைக்கே முடித்திருப்பேன்.

ஜெகதா காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள், "படிக்காதவனைக் கண்டாத்தான் உங்களுக்கு ஆகாதுன்னு நெனச்சேன். படிச்சுட்டு வந்தவளக் கண்டாலும் ஆகல."

"உனக்கு இது புரியாது."

"புரியாமத்தான் நாப்பத்தி நாலு வருசமா இருக்கேன்."

ஆறாவது தரம் ஆவணியில் வந்தது. கூடவே ஒரு வரி. "அய்யா, இந்த முறை என்ன குறை?"

இரண்டு நாள் பார்த்தேன். பூதக்கண்ணாடி தவிர எல்லாம் வைத்துப் பார்த்தேன்.

பதில் போடவில்லை. என்ன போடுவது? குறை இல்லை என்றா? அப்படி ஒரு பதில் நான் யாருக்கும் எழுதியது கிடையாது. பழக்கமில்லை.

அப்படியானால் வெளியிட்டிருக்கலாமே என்கிறீர்கள். சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். வெளியிட்டால், நாளைக்கு அதில் ஒரு கோளாறு என்றால் கடிதம் யாருக்கு வரும்? கரூருக்கா போகும்? இங்கேதான் வரும். பதினான்கு வருடம் இங்கேதான் வந்தது. ஒரு வரி உள்ளே வந்தால் அந்த வரிக்கு நான் பொறுப்பு. எழுதினவர்கள் பேரன் பேத்தி என்று போய்விடுவார்கள். நான்தான் உட்கார்ந்திருப்பேன்.

திரையை ஏன் பார்க்கிறீர்கள்?

ஆமாம். "கையால் எழுதிய நான்கு வரிகள் உள்ளன. வைத்துக்கொள்ளட்டுமா?" அது அவளுடையதுதான். என் மெஷினில் போட்டிருக்கிறேன். குறை கண்டுபிடிக்கத்தான் போட்டேன். ஓட்டிப் பார்த்தால்தானே தெரியும். ஐப்பசியில் போட்டது. மாசி ஆகிவிட்டது. நாலு மாதமாகத் தேடுகிறேன்.

ஐப்பசியில் ஏன் என்றால், அது ஒன்றும் இல்லை. தீபாவளிக்கு முன்னால் ஷெட்டைச் சுத்தம் செய்தோம். அப்படியே ஒரு மோட்டாரையும் மாற்றினேன். எண்ணை மாற்ற என் புரோகிராமை ஓட்டினேன். இந்த மெஷினில் கட்டர் மாட்டுகிற தலை நாற்பது கிலோ. கரண்டை நிறுத்தினால் பிரேக் பிடித்துத் தலையை மேலேயே நிறுத்த வேண்டும். அதற்கு நான்கு வரி. பிரேக்குக்கும் என் புரோகிராமில் கட்டம் கிடையாது, நான் கையால் எழுதியது. எனக்குத் தெரியும், நான் எழுதினேன், எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஓகே கொடுத்தேன். வேலை பார்த்தேன். சாயங்காலம் சுவிட்சை அணைத்தேன். தலை இறங்கியது. கீழே இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸ் இரண்டாகப் பிளந்தது. கை ஒரு நொடிக்கு முன்னால்தான் வெளியே வந்தது. மூக்குக்கண்ணாடி நழுவியது, அதைத் தள்ளிவிடக் கையை எடுத்தேன். அவ்வளவுதான்.

அது வேறு. அவளுடையது கவனக்குறைவு. இது, வேறு.

சத்தம் கேட்டு ஜெகதா ஓடி வந்தாள். வைஸைப் பார்த்தாள், கோப்பைப் பார்த்தாள். கம்ப்யூட்டரைத் தொடத் தெரியாது, ஆனால் படிக்கத் தெரியும். திரைக்குப் பக்கத்தில் குனிந்து நின்றாள். "முதல் வரியைப் படிச்சீங்களா?" என்று கேட்டாள்.

இரண்டு நாள் பேசவில்லை. நான்தான். அவள் பேசினாள்.

அதை விடுங்கள். நல்லது ஒன்று சொல்கிறேன். கார்த்திகையிலிருந்து ஒரு கடிதம் கிடையாது. ஒரே ஒரு முட்டாள்கூட எழுதவில்லை. முதல் வாரம் நெட் போய்விட்டது என்று நினைத்தேன். இல்லை. காலையில் ஐந்தரைக்குத் திறந்து பார்க்கிறேன், காலி. பச்சைக் கார்டு கிடையாது, செல்போன் நம்பர் கிடையாது. பதினான்கு வருடம் மண்டையில் தட்டித் தட்டி, கடைசியில் படிக்கக் கற்றுக்கொண்டார்கள். சாவியைக் கேட்கிற நேரமா இது? புரோகிராம் இப்போதுதான் சரியாக நடக்கிறது. அதைப் போய்க் குழுவில் சொல்லுங்கள்.

என்ன? சாவிக்கு வரவில்லையா?

பின்னே எதற்கு வந்தீர்கள்? சொல்லுங்கள். நான் தடுத்தேனா?

ம்.

கார்த்திகையிலிருந்தா? தனிப் பக்கமா?

தெய்வானையா வைத்தாள்? வைக்கலாம். சட்டப்படி வைக்கலாம். இலவச மென்பொருள், யாரும் எடுக்கலாம், திருத்தலாம், தன் பேரில் வெளியிடலாம். அந்தச் சட்டத்தை ஏற்றுக்கொண்டுதான் நானும் போட்டேன். தப்புச் சொல்லவில்லை. எத்தனை பேர் எடுத்திருக்கிறார்கள்?

எத்தனை?

நீங்களுமா?

சரி. நல்லது.

காப்பியைக் குடியுங்கள், ஆறுகிறது. எல்லாரும் போய்விட்டீர்கள். நான் இங்கே ஐந்தரைக்கு எழுந்து காலி டப்பாவைத் திறந்து பார்த்து, ஜனங்களுக்கு அறிவு வந்துவிட்டது என்று இருந்திருக்கிறேன். ஜெகதாவுக்குத் தெரியுமா? இல்லை, கேட்காதீர்கள். தெரிந்திருக்கும். போன வாரம் காலையில் "இன்னிக்கும் யாரும் திட்டு வாங்கலியா?" என்று கேட்டாள்.

அப்புறம் நான் எதற்கு? எல்லாரும் போன பிறகு என்னிடம் என்ன கேட்க வந்தீர்கள்?

எல்லாரும் இல்லையா. எத்தனை பேர் இன்னும் என்னுடையதை எடுக்கிறார்கள்? வாரத்துக்கு மூன்று நாலு பேரா. புதுசாக வருகிறவர்கள். தேடினால் என் பக்கம்தான் முதலில் வருகிறது. எடுக்கிறான், கையால் கதவைச் சேர்க்கிறான், மறுபடியும் ஓட்டுகிறான். ஆம்பூரில் ஒருத்தருக்கா? எப்போது? என்ன ஆனது?

தோல் கையுறை போட்டிருந்ததால். சரி. கையுறை மட்டும் போனது.

அதனால் என் பக்கத்தில் ஒரு வரி போட வேண்டும். இது பழையது, அங்கே போங்கள் என்று. அதை யாரும் போட முடியாது, நான்தான் போட வேண்டும். அதைக் கேட்கத் திருப்பூரிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறீர்கள். போனில் கேட்டிருக்கலாமே? எடுக்க மாட்டேன். அது உண்மை.

அவள் கேட்கச் சொன்னாளா? சொல்லவில்லை. அய்யா மனசு கஷ்டப்படும், வேண்டாம் என்றாளா? அதை ஏன் என்னிடம் சொல்கிறீர்கள்? சொல்லாமல் இருந்திருக்கலாம்.

தனசேகர் என்ன செய்கிறார்? மெஷின் ஓட்டுகிறாரா? எந்தக் கையால்? ஓ. பேனா பிடிக்க வருகிறதா? வருகிறது. சரி. கேட்டேன், அவ்வளவுதான்.

நகருங்கள், கீபோர்டு வேண்டும்.

"இது பழையது. இதை எடுக்காதீர்கள்." ஆங்கிலத்தில் ஒன்று, தமிழில் ஒன்று. "கரூர் தெய்வானை எழுதியதை எடுத்துக்கொள்ளவும்." விலாசத்தைச் சொல்லுங்கள். மெதுவாக. சரி. நல்லது என்று ஒரு வார்த்தை சேர்க்கலாமா என்கிறீர்களா? எதற்கு? எடுத்துக்கொள்ளவும் என்றால் அதுதான். பாருங்கள், போட்டாயிற்று. பதினான்கு வருடத்துக்கு இரண்டு வரி. பெரிய எழுத்தில் வேறு இருக்கிறது.

உங்கள் போனைக் கொடுங்கள். அவள் பக்கத்தைப் பார்க்க வேண்டும். குறை தேட இல்லை. சும்மா.

என்ன கலர் இது? சரி, அவள் இஷ்டம். கேள்விகள் என்று இருக்கிறதே, அதுவா? நூற்று எண்பது. அடேயப்பா. இவனை எனக்குத் தெரியும். இவனையும் தெரியும், இவன் அதே போட்டோவை அங்கேயும் போட்டிருக்கிறான், கோணலாக. எல்லாவற்றுக்கும் பதில் போட்டிருக்கிறாள். "அன்புள்ள அண்ணா." "கவலைப்பட வேண்டாம்." இப்படிப் பேசினால் இவர்கள் உருப்படுவார்களா? ஒரு வரியில் சொல்வதற்கு ஒரு பக்கம். எப்போது தூங்குகிறாள் இவள்?

இருங்கள்.

இது என்ன? இன்றைக்குக் காலையில் போட்டது. ஷிமோகாவில் ஒருத்தர், எமர்ஜென்சி சுவிட்ச் வேலை செய்யவில்லை என்கிறார். இவள் என்ன சொல்லியிருக்கிறாள்? ஒயரைப் பன்னிரண்டாவது பின்னுக்கு மாற்றுங்கள் என்று. தப்பு. அவர் போட்டிருக்கிற கார்டு போட்டோவைப் பெரிதாக்குங்கள். ஓரத்தைப் பாருங்கள், ஓரத்தை. 'பி' என்று சின்னதாக ஒரு எழுத்து தெரிகிறதா? இது இரண்டாவது பதிப்பு. முதல் பதிப்பில்தான் பன்னிரண்டு எமர்ஜென்சி. இதில் பன்னிரண்டில் இருபத்து நாலு வோல்ட் வருகிறது. மாட்டினால் கார்டு போகும், கம்ப்யூட்டரும் போகும். எமர்ஜென்சி சுவிட்சும் இருக்காது. எப்படித் தெரியுமா? நான் ஒன்றை எரித்திருக்கிறேன். கையில் தொட்ட நாலில் இது ஒன்று. இதை எவனும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. நானும்தான்.

நாலு மாதம் தேடினேன். புரோகிராமில் தேடினேன். இங்கே இருக்கிறது.

அந்த ஆள் என்ன சொல்லியிருக்கிறான்? "நன்றி அக்கா, சாப்பிட்டுவிட்டு மாற்றுகிறேன்." மணி என்ன? பன்னிரண்டரையா? அவளுக்குப் போன் போடுங்கள். எடுக்கவில்லையா? மெஷின் சத்தத்தில் கேட்டிருக்காது. தனசேகருக்குப் போடுங்கள். நம்பர் இல்லையா? உங்களிடம் இல்லாமல் யாரிடம் இருக்கும்? சரி, இங்கேயே எழுதுகிறேன். பதில் எழுது என்று இருக்கிறதே, அதை அமுக்குங்கள்.

பேர் கேட்கிறது. மாரப்பன். ஊர் கோயம்புத்தூர். மெஷின் அனுபவம் எத்தனை வருடம் என்றா கேட்கிறது? பூஜ்யம் போடுங்கள், சீக்கிரம் முடியட்டும். "புதிய உறுப்பினரே, வருக." வந்தாயிற்று, அப்புறம்?

இது என்ன நீளமாக? இந்தக் குழுவின் விதிகளாம். தள்ளுங்கள். இன்னும் தள்ளுங்கள். "ஒருவரையொருவர் மரியாதையாக..." தள்ளுங்கள், அந்த ஆள் சாப்பிட உட்கார்ந்திருப்பான். கடைசியில் ஒரு கட்டம் இருக்கிறது பாருங்கள். "எல்லா விதிகளையும் முழுமையாகப் படித்தேன்."

படித்தேன், படித்தேன். டிக் போடுங்கள்.